யார் காதில் யார் குரல்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

நசரத்பேட்டை தாண்டி, செம்பரம்பாக்கம் போகும் வழியில் ஒரு காலி மைதானம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் குடும்ப விழா அங்கே, 22-ஆம் தேதி சனிக்கிழமை. முதலில் ஞாயிறு என்றுதான் இருந்ததாம். 23 அன்று துபாயில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச் என்று யாரோ சொன்னதும் ஒரே மணி நேரத்தில் தேதி மாறிவிட்டது. அந்தக் கம்பெனியில் வேறெந்த முடிவும் இவ்வளவு வேகமாக எடுத்திருக்க மாட்டார்கள்.

ஐயாயிரம் பேர் வருவார்கள் என்கிறார் ஈவன்ட் மேனேஜர். மெல்லிசை, விருது, எம்.டி. ஹைட்ராலிக் லிஃப்டில் மேடைக்குக் கீழிருந்து எழுந்து வருவது என்று ஐட்டங்கள். அவர் அனுப்பிய பட்டியலில் லைட்டுக்கு இரண்டு பக்கம், சவுண்டுக்கு ஒரு பக்கம். ஷோ ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள லைன் போடும் எங்கள் வேலைக்கு ஒரே வரி: ‘வாக்கி டாக்கி – 20’.

மைதானத்தைச் சுற்றி நடந்தேன். மேடைக்கு எதிரே கன்சோல் மேடை. ஜெனரேட்டர் இரண்டும் பின்பக்கம், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். ஜெனரேட்டர்காரரும் இடம் பார்க்க வந்திருந்தார், இந்தத் தொழிலில் நரைத்தவர். ஷோ நடக்கும்போது உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். “போன் பண்ணுவாங்க சார். இந்த சத்தத்துல எங்க காதுல விழும்? அப்புறம் யாராவது ஒரு பையன் ஓடியாருவான்.”

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூச விடுமுறை. இன்று ஷெட்டில் உட்கார்ந்து பிளான் போட்டேன்.

கருவியை எண்ணுவது கடைசி வேலை. யார் பேச்சு யார் காதில் விழவேண்டும், யார் காதில் விழவே கூடாது என்பதுதான் முதல் வேலை. சவுண்டுக்காரர் காதில் பார்க்கிங் சண்டை கேட்டால் பாட்டின் முதல் மைக்கைத் திறக்கத் தவறிவிடுவார். இருபது வாக்கியும் ஒரே சேனலில் இருந்தால் அது சந்தைக் கடை. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசினால் மற்ற பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான், அவசரம் அவர்களிடம் இருந்தாலும்.

அதனால் ஒயர் போட்ட ஹெட்செட் லைன் இரண்டு. முதல் லைனில் ஷோ காலர் (எது எப்போது நடக்கவேண்டும் என்று எல்லோருக்கும் குரல் கொடுப்பவர்), சவுண்டு, லைட், எல்.இ.டி. வால், லிஃப்ட் ஆபரேட்டர், ஜெனரேட்டர். இரண்டாவதில் மேடைப் பக்கவாட்டு ஆட்கள், மேக்கப் ரூம், ஆங்கரை அழைத்து வருபவர். ஷோ காலருக்கு மட்டும் இரண்டும் கேட்கும். வாக்கி எல்லாம் பார்க்கிங், சாப்பாடு, செக்யூரிட்டிக்கு.

மேனேஜருக்கு ஒத்துவரவில்லை. “ஜெனரேட்டர்காரருக்கு எதுக்கு சார் ஹெட்செட்? அதை எம்.டி.யோட பி.ஏ.வுக்குக் குடுங்க.” பேச மைக் இல்லாமல், கேட்க மட்டும் முடிகிற ஒயர்லெஸ் செட் ஒன்று பி.ஏ.வுக்கு என்று முடித்தேன். பெரிய இடத்து ஆட்கள் பெரும்பாலும் கேட்பது இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டிதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரிச்சி தெருவில் வாங்கியது என்று மேனேஜர் ஒரு டப்பா நிறைய வாக்கி கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் 5 வாட். எடுத்து வைத்துவிடுங்கள் என்றேன். கம்பியில்லாக் கருவியை லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருப்பதே 1933-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 2018-இல் மத்திய அரசு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விலக்கு கொடுத்தது. அந்த ரகம், அதற்கான வகை ஒப்புதலோடு, எங்களிடம் இருக்கிறது. தூரம் குறைவுதான், ஒரு மைதானத்துக்குப் போதும்.

“யாரு சார் பாக்கப் போறாங்க?” என்றார். இந்தப் பக்கம் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, டேங்கை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம், விமானப்படை என்று எல்லாமே இருக்கிறது. எந்த அலைவரிசை என்றே தெரியாத டப்பாவை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் ஆசை எனக்கு இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

கேபிள் சோதனை. என் உதவியாள் தம்பி ஒவ்வொன்றாக மாட்ட, நான் கேட்டுப் பார்த்தேன்.

எல்லோரும் ஒரே லைனில் பேசுகிற, பார்ட்டி லைன் என்கிற இந்த முறை பழசு. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில், ராக் கச்சேரிகளுக்கு சவுண்டு பார்த்துக்கொண்டிருந்த பாப் கோஹன் ஆரம்பித்ததுதான் கிளியர்காம். ஸ்பீக்கர் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆளோடு ஆள் பேச முடியவில்லை என்பதுதான் அவர்கள் பிரச்சினை. நம் ஊர் சினிமா மேடைகளிலும் அதே பிரச்சினை, அதே மருந்து. மூன்று பின் கேபிள்: ஒன்றில் கிரவுண்டு, இரண்டில் 30 வோல்ட் அளவுக்கு டி.சி., மூன்றில் எல்லோருடைய பேச்சும். ஒரே கேபிளில் கரன்டும் பேச்சும் போவதால் இடுப்புப் பெட்டிக்கு பேட்டரி வேண்டாம். லைன் முழுவதற்கும் டெர்மினேஷன், அதாவது லைனை முடித்துவைக்கும் மின்தடை, ஒரே இடத்தில், மாஸ்டர் பெட்டியில், இருக்கவேண்டும். இரண்டு மாஸ்டரை ஒரே லைனில் மாட்டினால் எல்லோருக்கும் சத்தம் இறங்கிவிடும். டெர்மினேஷனே இல்லாவிட்டால் லைன் ஊளையிடும்.

வம்பு என்னவென்றால், மைக் கேபிளும் இதேதான், அதே மூன்று பின். இருட்டில் ஒருவன் இந்த லைனைக் கொண்டுபோய் மிக்சரில் சொருகினால் 30 வோல்ட் போய் உட்காரும். அதனால் எங்கள் கேபிள் அத்தனைக்கும் இரண்டு முனையிலும் மஞ்சள் டேப். மஞ்சளைத் தொடுகிறவனுக்கு அன்றைய பேட்டா கிடையாது என்பது ஷெட்டின் எழுதாத சட்டம்.

பிப்ரவரி 19, புதன்

லோடு இறக்கப் போகும்போது பெங்களூரு நெடுஞ்சாலையில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி வாசல் வந்தது. டிரைவர்தான் சொன்னார், இன்றோடு ஐந்து வருடம். 2020 பிப்ரவரி 19 இரவு, ‘இந்தியன் 2’ படப்பிடிப்பு வேலையில் லைட் தூக்கிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர்.

அன்று ஒரு ஹெட்செட் இருந்திருந்தால் என்று பேசுவது அசிங்கம். அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பிறகு என் பிளானில் ஒன்று மாறியது, அவ்வளவுதான். எடை தூக்குகிறவர், உயரத்தில் நிற்கிறவர், கரன்டு கொடுக்கிறவர், இந்த மூன்று பேருக்கும் முதலில் பெட்டி. மிச்சம் இருந்தால் டைரக்டருக்கு. இதைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு புரொடக்ஷன் மேனேஜரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒயர்லெஸ் செட்டை மைதானத்தில் சோதித்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ். தம்பி கேட் வரைக்கும் போய் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். மணி மாதிரி கேட்டது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். காலி மைதானத்தில் யார் பேசினாலும் கேட்கும். சனிக்கிழமை ஐயாயிரம் உடம்பு வந்து நிற்கும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலையைக் குடித்துவிடும். அத்தனை பேர் பையிலும் போன், அதில் பாதிக்கு வைஃபை இதே வரிசையில் கத்திக்கொண்டிருக்கும். ஆன்டெனாவை தலைகளுக்கு மேலே தூக்கி, கன்சோல் பக்கத்து டிரஸ் சட்டத்தில் கட்டச் சொன்னேன். உயிர் போகிற பேச்சு எதையும் ஒயர்லெஸ்ஸில் வைக்கவில்லை.

சுவரைத் தாண்டி ஜெனரேட்டருக்குக் கேபிள் இழுக்க மாலையாகிவிட்டது. அவருக்குக் கொடுத்தது இரண்டு காதையும் மூடுகிற ஹெட்செட். பெட்டியில் உள்ள சிவப்பு லைட்டைக் காட்டினேன்: ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருந்தாலும் இது மின்னினால் எடுத்து மாட்டவேண்டும். “இது நல்லாருக்கே,” என்று லைட் தெரிகிற மாதிரி பெட்டியை டீசல் கேனுக்கு மேலே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒத்திகை. ஷோ காலர் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். குரல் உயர்வதே இல்லை. நல்ல ஷோ காலருக்கு அதுதான் அடையாளம்.

லைட் கன்சோலில் யாரோ மைக்கைத் திறந்தபடி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டார். பூந்தமல்லி பாய் கடை பிரியாணியா, பரோட்டாவா என்ற விவாதம் லைன் முழுக்க ஓடியது. மாஸ்டரில் மைக் கில் பட்டனை அழுத்தினேன், எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. பிரியாணி ஜெயித்ததா என்று கடைசிவரை தெரியவில்லை.

எம்.டி.க்குப் பதில் ஒரு பையனை நிற்கவைத்து லிஃப்டை ஏற்றினார்கள். அரையடி எழுந்திருக்கும். “ஸ்டாப்,” என்றது லைனில் ஒரு குரல். லிஃப்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தம்பி. ஷோ காலர் ஏன் என்று கேட்கவில்லை. “எல்லாம் ஸ்டாப்,” என்று திருப்பிச் சொன்னாள். மியூசிக் நின்றது, லைட் நின்றது. புகை மெஷினின் ஒயர் ஒன்று லிஃப்டின் கத்தரிக் காலில் மாட்டியிருந்தது. அதை எடுத்துக் கட்டிவிட்டு மறுபடி ஏற்றினார்கள். மேனேஜர் மட்டும், நிறுத்தச் சொன்னது யார், அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கீழே கத்திக்கொண்டிருந்தார். பிளானில் இருக்கிறது சார் என்றேன். நிறுத்து என்று லைனில் உள்ள யாரும் சொல்லலாம். மறுபடி ஆரம்பி என்று சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை.

பிப்ரவரி 22, சனி

கூட்டம் நிறைந்ததும் ஒயர்லெஸ் எதிர்பார்த்தபடியே திணறியது. கேட் பக்கம் சுத்தமாகப் போச்சு. அங்கே வாக்கி இருந்ததால் பரவாயில்லை.

எட்டரை மணி வாக்கில், குத்துப் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது லைனில் ஜெனரேட்டர்காரர். “கூலன்ட் சூடு ஏறுதும்மா. இன்னும் பத்து நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல.”

“பாட்டு முடிய மூணு நிமிஷம்ணா. அடுத்து விருது. அப்ப வால் லோடை ரெண்டாவது செட்டுக்கு மாத்திடலாமா?”

“போதும்மா.”

அவ்வளவுதான் பேச்சு. பாட்டு முடிந்தது, ஆங்கரை முன்னால் வரச்சொல்லி நீட்டிப் பேசச் சொன்னார்கள், பின்னால் எல்.இ.டி. வால் அணைந்து, ஒரு நிமிடத்துக்குள் திரும்ப எரிந்தது. முன்வரிசையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்ததாம். ஓடிவரும் பையனை நம்பியிருந்தால் பாட்டு நடுவே வால் படுத்திருக்கும்.

பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. ஆவடி கமிஷனர் ஆபீஸ் அனுமதிக் கடிதத்திலும் அதுதான். ஷோ காலர் 9.40-லிருந்து ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசிப் பாட்டு ஒரு சரணம் வெட்டு. 9.57-க்கு மாஸ்டர் ஃபேடர் கீழே.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் ஷெட்டில் கணக்கு. மைக் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் மாற்றவேண்டும்; வியர்வை, வெற்றிலை. ஜெனரேட்டர் லைன் கேபிளில் ஓரிடத்தில் லாரி ஏறியிருக்கிறது, வெட்டி இணைக்கவேண்டும். மேனேஜர் போனில், சுவர் தாண்டிய கேபிளுக்குத் தனி வாடகையா என்று இழுத்தார். எட்டரை மணிக் கதையைச் சொன்னேன். அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. பில்லில் கை வைக்கவில்லை.

ஒரு பெட்டி குறைகிறது. விசாரித்தால், பி.ஏ. அதை இடுப்பில் மாட்டியபடியே கொரட்டூர் வீட்டுக்குப் போய்விட்டாராம். இரண்டரைக்கு மேட்ச், அதற்குள் வாங்கி வந்துவிடு என்று தம்பியை பைக்கில் அனுப்பியிருக்கிறேன்.