சளிக்காய்ச்சல்தானே!

எங்கள் ஊர், மதுரையினின்று திருச்சி செல்லும் பெருவழியிலுள்ள கொட்டாம்பட்டி. 2021-ஆம் ஆண்டு வைகாசியில் என் பாட்டனார் கொரோனாச் சுரத்தில் வீழ்ந்தார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அவருக்கு நெடுநாளாய் உண்டு. "சளிக்காய்ச்சல்தானே, ஐயா, ஆஸ்பத்திரி எதற்கு?" என்றார். யானும் வாளாவிருந்தேன்.

நிற்க. தமிழ்நாட்டில் இந்நோயால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச்சு 25-இல் மதுரை இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. மாண்டவர்க்கும் அவ்விரு பிணிகளோடு நாட்பட்ட நுரையீரல் நோயும் முன்னரே இருந்தது. முதுமையும் பழம்பிணியும் உடையாரையே இந்நோய் மிகுதியும் மாய்த்தது. மூச்சுத் திணறல் தோன்றுமுன்னரே குருதியில் பிராணவாயு குறைதலுமுண்டு. அது நூற்றுக்கு 94-இன் கீழிறங்கின் தாமதம் ஆகாது.

பாட்டனாரை ஐந்தாம் நாள் கொண்டு சென்றபொழுது விரற்கருவி 82 காட்டிற்று. அவர் மீண்டிலர். நண்பர்காள், நும் இல்லத்து முதியோர் "ஒன்றுமில்லை" எனினும், ஒருமுறை அவர் விரலைப் பற்றிப் பாருங்கள். யான் பற்றிலேன்.