கப்பலில் ஐந்து இரவுகள்

"உல்லாசக் கப்பலில போய் வந்தனீங்களாம், குடுத்த காசுக்குப் பெறுமதியோ?" என்று எங்கள் தையல் நிலையத்துப் பெண்கள் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்து வந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் அக்கா கனடாவுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற பயணிகள் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்து போகத் தொடங்கியது. செய்தியைப் பார்த்த அன்றிரவே அக்கா தொலைபேசி எடுத்தா.

"எடி, அந்தக் கப்பல் திருகோணமலையில இருந்து காங்கேசன்துறைக்கு ராவில போகுதாம். நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா அதில போவம்."

அவ சொன்ன தொகையை இலங்கைக் காசாக்கிப் பார்த்தேன். பத்து மாதம் நான் இருந்து தைத்தாலும் அவ்வளவு வராது. "என்னத்துக்கு அக்கா? அந்தக் காசுக்கு நான் கிணத்தைக் கட்டிப்போடுவன்" என்றேன். "கிணறு வேற, இது வேற" என்று சொல்லி வைத்துவிட்டா.

பயண ஒழுங்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். நான் இருப்பது மல்லாகத்தில். காங்கேசன்துறைத் துறைமுகம் ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆனால் கப்பல் ஏறுவது சென்னையில். ஆகவே பலாலிக்குப் போய் விமானம் ஏறினேன். (2022 டிசெம்பரில்தான் அந்தச் சென்னை விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தது.) சென்னையில் அக்காவைச் சந்தித்து, கப்பலேறி, இலங்கையைச் சுற்றி என் ஊர்த் துறைமுகத்துக்கு வந்து, திரும்பவும் சென்னைக்குப் போய், மீண்டும் விமானத்தில் பலாலிக்கு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

கப்பல் 211 மீற்றர் நீளம். மாடி மேல் மாடி. ஆயிரத்து எண்ணூறு பேர் மட்டில் பயணம் செய்யலாம். பிரான்சில் கட்டப்பட்டு 1990 இல் ஓடத் தொடங்கியது என்று அக்கா வாசித்துச் சொன்னா. 1990 ஜூனில்தான் நாங்கள் காங்கேசன்துறை வீட்டைப் பூட்டி, திறப்பை அம்மாவின் இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டோம். அந்தக் காணி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

அறை வகைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்பக்க அறைக்கு யன்னல் இல்லை, விலை குறைவு. கடல் தெரியும் அறைக்குக் கூட, பல்கனியோடு என்றால் இன்னும் கூட. நாங்கள் எடுத்தது உள்பக்கம். நித்திரைக்கு மட்டும்தானே அறை, கடலை மேல்தளத்தில் நின்று பார்த்தால் போகிறது. சாப்பாடு ரிக்கற்றுக்குள் அடக்கம். இட்டலியும் சாம்பாரும் கிடைத்தன. புட்டுக்கு வழியில்லை. பொதுவாக இந்த மாதிரிக் கப்பல்களில் மதுபானம், சூதாட்டம், இணையம், கரையில் ஊர் பார்க்கும் பஸ் எல்லாவற்றுக்கும் புறம்பாகக் காசு. கணக்குப் பார்க்காமல் ஏறுகிறவர்களுக்கு இறங்கும்போது நெஞ்சிடிக்கும்.

புறப்படுமுன் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி போடும் முறையையும், ஆபத்தென்றால் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பதையும் காட்டினார்கள். பலர் படமெடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் கவனமாகப் பார்த்தேன். நான் முன்பு ஏறிய கப்பலில் அங்கியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல்நாள் முழுக்கக் கடல். அது சோளகக் காற்றுக் காலம். தெற்கே போகப் போகக் கப்பல் ஆடத் தொடங்கியது. அக்காவுக்குத் தலைசுற்று. இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, மேல்தளத்தில் காற்றுப்பட இருத்தி, தூரத்தை ஒரே பார்வையாகப் பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் குறைந்தது. வருத்தம் வந்த பிறகு குளிசை போட்டுப் பெரிய பலனில்லை, முன்கூட்டியே போடவேண்டும்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்த பையன் தூத்துக்குடிப் பக்கம். துவாயை மடித்து யானை, குரங்கு என்று கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் வேலையாம், தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு சேர்க்கிறானாம். அவன் கட்டில் விரித்துத் தர நான் கைகட்டி நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் நானே விரித்துவிட்டேன். "அம்மா, என் வேலையைப் பறிக்காதீங்க" என்றான்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கலியாணம் கட்டிய நாள் தொட்டு, இடம்பெயர்ந்த நாட்களிலும்கூட, ஐந்து நாள் அடுப்பு மூட்டாமல் நான் இருந்ததில்லை. காலையில் எழும்பி 'இன்றைக்கு என்ன சமைப்பது' என்ற யோசனை வராத தலை எவ்வளவு பாரமில்லாமல் இருக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.

அம்பாந்தோட்டையில் சொல்ல அதிகமில்லை. பெரிய துறைமுகம், பெரிய வெயில். திருகோணமலைக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மகனின் பத்திர அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தேன். 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. விமானத்துக்குக் காசில்லை. கப்பல் போகும் என்று கேள்விப்பட்டு திருகோணமலைக்கு வந்து, பெயரைப் பதிந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து மூன்று கிழமை காத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட விரும்பியவர்களுக்கும் கிளியறன்ஸ் எடுத்துக் காத்திருப்பதுதான் விதி. அம்மா கடுமை என்று அப்போதுதான் தகவல் வந்தது. கப்பல் என்னைக் கொண்டுவந்து இறக்கியபோது அம்மாவின் எட்டுச்செலவுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

இந்த முறை திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். மற்றவர்கள் மலையில் நின்று கடலைப் பார்த்தார்கள். நான் அந்தப் பாடசாலை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பிடிபடவில்லை.

இரவு கப்பல் வடக்கே திரும்பியது. கீழே பாட்டும் ஆட்டமும். நாங்கள் இருவரும் போர்வையோடு மேல்தளத்தில் இடப்பக்கமாக இருந்தோம். கரை தெரியவில்லை. ஆனால் முல்லைத்தீவு அந்தப் பக்கம்தான். 2009 இல் செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களையும் உறவினர்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது இதே கடலில்தான். என் மச்சாளும் அப்படி வந்தவ.

வெகுநேரத்துக்குப் பிறகு அக்கா கேட்டா: "எடி, அம்மா இல்லையெண்டு உனக்கு எங்க வைச்சுத் தெரிஞ்சது?"

பதினேழு வருடத்தில் அவ கேட்காத கேள்வி. நான் காங்கேசன்துறையில் இறங்கித்தான் அறிந்தேன் என்று நினைத்திருந்தாவாம்.

"கப்பலேற மூண்டு நாளைக்கு முதலே தெரியும் அக்கா. பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில கோல் எடுத்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன? லைன்ல நிண்டனான். விட்டிட்டுப் போனால் என்ர இடம் போயிடும்."

கப்பலில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி சத்தி எடுத்துக்கொண்டு இருந்ததையும், அவளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு அழ நேரமில்லாமற் போனதையும் சொன்னேன். அக்கா அழுதா. தான் அந்த நாட்களில் இரவு வேலைக்குப் போய், ரெலிபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தட்டுக் கழுவியதைச் சொன்னா. வரவும் முடியவில்லை, காசு அனுப்பவும் வழியில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு மனதில் கொஞ்சம் குறை இருந்தது உண்மை. அவ வரவில்லை என்று எனக்கு, நான் அம்மாவை விட்டுக் கொழும்புக்குப் போனேன் என்று அவவுக்கு. தொலைபேசியில் பேசித் தீராத அது, விடியும்வரை பேசியபோதுதான் கரைந்தது.

விடிய வெளிச்சவீடும் மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலையும் தெரிந்தன. சுற்றுலாப் பயணிகளை நல்லூருக்கும் பொது நூலகத்துக்கும் கொண்டுபோகும் பஸ்களை விட்டு, நாங்கள் ஓட்டோ பிடித்தோம். முதலில் எங்கள் காணிப் பக்கம். முள்ளுக்கம்பி வரைதான் போகலாம். அக்கா கம்பிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்தப் பனை எங்கடையோ?" என்றா. எனக்கும் தெரியவில்லை.

பிறகு மல்லாகம். என் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அன்னம் அக்கா எங்களைக் கண்டு திகைத்துப் போனா. "என்ன பிள்ளை, பின்னேரம் திரும்பக் கப்பலுக்கோ? வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறதுக்கே இவ்வளவு காசு?"

அதுதான் இந்தக் கப்பல்களின் குறை. ஒவ்வொரு ஊரிலும் சில மணித்தியாலம்தான். ஊர் பார்க்க விரும்புகிறவர்களுக்கு பஸ்ஸும் ரயிலும் மேல். கடலைக் கடந்து இந்தியாவுக்குப் போவதுதான் தேவையென்றால் நாகபட்டினம் கப்பல் இருக்கிறது. 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நாலு மணித்தியாலம் மட்டில்தான் ஓட்டம். வாடைக் காலத்தில் நின்றுவிடும், விசாரித்துப் போங்கள். கடன்பட்டோ, நகையை அடகு வைத்தோ உல்லாசக் கப்பல் ஏறப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறித்து நிற்பேன்.

ஊர் திரும்பியதும் அன்னம் அக்கா விடவில்லை. எவ்வளவு முடிந்தது என்று கேட்டு, நான் சொன்ன தொகையை விரலில் எண்ணிப் பார்த்து, "ரெண்டு பசுமாடு" என்றா.

"ஓமக்கா, ரெண்டு மாடுதான்" என்றேன்.

"அப்ப அங்க சும்மா தந்த சவுக்காரம் ஏதும் கொண்டந்தனியோ?"

இரண்டு சின்னக் கட்டி இருந்தது. ஒன்றை அவவுக்குக் கொடுத்தேன்.