பழனிப் பாதையில் எங்களை நடக்க வைத்தவர்களுக்கு

குன்றக்குடியிலிருந்து பழனி வரை சாலையோரம் வாழும் உங்கள் எல்லோருக்கும்,

தைப்பூசம் முடிந்த மறுநாள் பத்திரிகைகளில் காவடியும் கூட்டமும் மலைக்கோயிலும் படமாக வரும். அந்தக் கூட்டத்தை மலையடிவாரம் வரை கொண்டுவந்து சேர்த்த உங்கள் முகம் எதிலும் வருவதில்லை. அதனால்தான் இந்த மடல். பாதயாத்திரை பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் ஒவ்வொன்றும் உங்களில் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்தது. அவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறை மாலை போடுகிறவர்கள் இதைப் படித்துக் கால் புண்ணாகாமல் பழனி சேர்ந்தால், உங்கள் சுமையும் கொஞ்சம் குறையும்.

சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று போகிற இந்த வழி சுமார் 150 கிலோமீட்டர். நகரத்தார் காவடி இந்தத் திசையில் 400 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது என்பார்கள். அத்தனை தலைமுறைகளாகத் தண்ணீர் வைத்தவர்களும் திண்ணை கொடுத்தவர்களும் இருந்ததால்தான் அந்த நடை அறுபடாமல் வந்திருக்கிறது.

முதல் நன்றி எங்கள் குழுவை வழிநடத்தும் குருசாமிக்கு. மாலை போட்ட அன்றே அவர் கேட்டது, "தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறே தாயி?" என்பதுதான். விரதம் வயிற்றுக்கு மட்டுமில்லை, காலுக்கும் உண்டு என்பது அவர் கட்சி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வெறுங்காலில் நடந்து பழக வேண்டும். முதலில் மண் தரை, பிறகு தார்ச்சாலை, பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட நடை. முதல் நாள் யாரும் நடந்துவிடலாம், இரண்டாம் நாள் காலையில் எழுந்து நடப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். மூட்டையில் இரண்டு மாற்றுத்துணி, துண்டு, போர்வை, டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, அவ்வளவு போதும். வீட்டில் லேசாகத் தெரிகிற பை நத்தம் தாண்டினால் தோளை அறுக்கும்.

நேரத்தைக் கற்றுக்கொடுத்தது டீக்கடைக்காரர்கள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைத்து, சுக்குக் காபியோடு எங்களை எழுப்பி அனுப்புகிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தை முடித்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் தாரில் வெறுங்கால் வைக்கக்கூடாது, நிழல் பார்த்துப் படுத்துவிட்டு நான்கு மணிக்கு மேல் மறுபடி கிளம்பினால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பதை அந்த நேரத்தில் நடந்தால்தான் புரியும். காதை மூடத் துண்டும், வியர்த்த சட்டையை மாற்ற இன்னொன்றும் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும்.

காலைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர் நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே, வீட்டு வாசலில் பாய் விரித்து வைத்திருந்த ஓர் அப்பத்தா. போகிற வருகிற சாமிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொருவர் பாதத்தையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தார். விரல் இடுக்குகளைக் காய்ந்த துணியால் தனியாக ஒற்றி எடுத்தார். பிறகு டார்ச் அடித்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். முகம் சுளிக்கிற இடத்தில் கை நின்றது. கருவேல முள் ஒன்று, நுனி மட்டும் தெரிந்தது. சுடுநீரில் போட்டிருந்த ஊசியால் அதை எடுத்துவிட்டு, "கொப்புளம் இருந்தா கிழிக்காதே. அந்தத் தோல்தான் உனக்குச் செருப்பு" என்றார். தானாக உடைந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, களிம்பு போட்டு, துணி கட்டிக்கொள்ளச் சொன்னார். தொடை உரசுகிற இடத்தில் புண்ணாவதற்கு முன்பே எண்ணெய் தடவ வேண்டும், தங்குகிற இடத்தில் மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும் என்பதும் அவர் பாடம்தான்.

என்னோடு வந்த சர்க்கரை நோயாளி ஒருவரைச் செருப்புப் போடச் சொன்னவரும் அவரே. சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் ஏறினாலும் தெரியாது. "செருப்போட வந்தா முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். பிடிவாதமாக வெறுங்காலில் நடக்கிற ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் காதிலும் இது விழ வேண்டும்.

பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பொங்கலும் தக்காளிச் சாதமும் அண்டா அண்டாவாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள். ஆனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு பந்தலிலும் அரை வயிறுதான் சாப்பிடுகிறார்கள். வயிறு நிறைந்தால் கால் நகராது. தாகம் எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. நீங்கள் கொடுக்கிற உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் கஞ்சியும் அதற்குத்தான். இலையில் விழுந்ததை மீதம் வைக்காமல் எழுவது நாங்கள் உங்களுக்குச் செய்கிற குறைந்தபட்ச மரியாதை.

இரவில் சாலையோரம் நின்று எங்கள் பை முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிற இளைஞர்களே, காவலர்களே, உங்களால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. நடைபாதை போட்டிருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்கக்கூடாது. இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் போக வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கட்டாயம் டார்ச் பிடிக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. தூக்கம் சொக்கினால் அந்த இடத்திலேயே சாலையை விட்டு விலகி உட்கார்ந்துவிட வேண்டும். மருத்துவ முகாம்களில் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ வேண்டுதலைச் சாக்காக வைத்து நடக்காமல் முகாமுக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

பெண்கள் சார்பில் ஒரு நன்றி தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள்வார்கள். நாங்கள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடப்போம், அதனாலேயே மயங்கி விழுவோம். "உள்ள வா ஆத்தா, பின்கட்டுல குளியலறை இருக்கு" என்று முன்பின் தெரியாத எங்களை வீட்டுக்குள் விட்ட பெண்களே, நீங்கள் திறந்த கதவால்தான் என் போன்றவர்கள் பழனி சேர்ந்தோம். புதிதாக நடக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: கூச்சப்படாமல் கேளுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

நாங்கள் போனபின் சாலையைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்களே, உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டிய கூட்டம் நாங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் மூட்டையில் இருந்தால், காகிதக் கப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் வயலுக்குள் பறக்காது. முருகனுக்காக நடக்கிறவர்கள் அடுத்தவர் நிலத்தைக் குப்பையாக்கக்கூடாது.

பழனியில் சண்முகநதியில் குளித்துவிட்டு மலையேறும்போது முட்டி வலிக்கிறவர்கள் யானைப்பாதையில் நிதானமாக ஏறலாம். அவசரம் வேண்டாம். முதல் காவடியைத் தூக்கியவன் இடும்பன் என்பதால் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போவது வழக்கம். சுமந்தவனுக்கு முதல் மரியாதை என்கிற அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால், எங்களைச் சுமந்த உங்களுக்கும் அதே மரியாதை சேர வேண்டும்.

நடந்து முடித்தவர்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு வருடமாவது நடக்காமல், சாலையோரம் ஒரு பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றுங்கள், ஒருவர் காலையாவது கழுவிப் பாருங்கள். வருகிற தைப்பூசத்துக்கு நான் அதைத்தான் செய்யப் போகிறேன். எனக்கும் ஓர் இடம் ஒதுக்கி, என்ன வேலை என்று சொல்லுங்கள். செய்கிறேன்.


உங்கள் சாலையில் நடந்த ஒருத்தி