பச்சை அட்டையும் ஓர் அண்ணனும்

'வருமுன் காக்க வேண்டும்' என்று தமிழ்ப்பள்ளியில் படித்தேன். எப்படிக் காப்பது என்பதைத் தொழிற்பயிற்சிக்குச் சென்ற கட்டுமானத் தளத்தில்தான் கண்டேன்.

நம் நாட்டில் கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை இல்லாமல் தளத்தில் வேலை செய்ய முடியாது. ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் பின் அது கிடைக்கும். அட்டை வாங்கிய சில நாள்களிலேயே ஒருவர் எட்டாவது மாடி விளிம்பில் நிற்க நேரலாம்.

அங்கே மேற்பார்வையாளராக இருந்த அண்ணன், புதியவர்களை முதல் சில வாரங்கள் தம் அருகிலேயே வைத்துக்கொள்வார். "தம்பி, கொக்கியத் தலைக்கு மேலே மாட்டு. காலடியில மாட்டுனா விழுற தூரம் கூடும்" என்பார்.

ஒருநாள், படிவம் ஐந்து முடித்து வந்த இளைஞனிடம் குத்தகையாளர் ஒருவர், "அஞ்சு நிமிஷ வேலைதானே, பெல்ட் எதுக்கு?" என்றார். அவன் மறுக்கவும் முடியாமல் ஏறவும் துணியாமல் நின்றான். அண்ணன் வந்து, "நீ கீழே போ தம்பி, நான் பேசிக்கிறேன்" என்றார்.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 1.6.2024 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்தை முதலாளி நீக்கத் தவறினால், அங்கிருந்து விலகத் தொழிலாளிக்கு அது உரிமை தருகிறது. ஆனால், நாள் கூலியை நம்பி வந்த புதியவன் தனியாக நின்று அந்த உரிமையைக் கேட்பானா?

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பொறியியலாளர்களாகத் தளங்களுக்குச் செல்வோம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும், அவருக்காகப் பேசக்கூடிய ஒரு மூத்தவரை முதல் நாளே துணையாக்குவோம். தலைக்கவசத்தைப் போல அதுவும் கட்டாயம் வேண்டும்.