தோளைக் கேட்டு இழு, நண்பா!

எங்க ஊர்க் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் நான். அங்கே எவனும் ஸ்ட்ரெட்ச்சிங் செய்து பார்த்ததில்லை. பாலிடெக்னிக் நீச்சல் அணியில் சேர்ந்த பிறகுதான் அந்த வார்த்தையே எனக்குத் தெரியும்.

இரண்டாம் ஆண்டு. மண்டலப் போட்டிக்குப் பத்து நாள்தான் பாக்கி. உடம்பு சூடாகுமுன்பே என் ரூம்மேட் பின்னால் நின்று, என் இரண்டு கைகளையும் முதுகுப்பக்கம் இழுத்தான். பெரிய வீரர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தோமே!

"வலிக்குதுடா மாப்ளே!"

"வலிச்சாத்தான்டா லூசாகும்!"

தோளின் முன்பக்கம் சுரீர் என்றது. மாலையில் சட்டை மாட்டக் கை எழவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கேட்டார், "என்ன படிக்கிறே தம்பி?" "மெக்கானிக்கல் சார்." "அப்ப எலாஸ்டிக் லிமிட் தெரிஞ்சிருக்கணுமே!"

தோள் மூட்டு, சின்னத் தட்டின் மேல் வைத்த பெரிய பந்து மாதிரியாம். சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும், மூட்டைப் போர்த்திய சவ்வும்தான் அதை நழுவாமல் காக்கின்றன. நான் தினம் நீந்தியது 2 கி.மீ. 50 மீட்டருக்கு 40 வீச்சு என்றால் 1,600 வீச்சு. ஒரு கைக்கு 800! அப்படி உழைக்கும் தோளின் முன்பக்கச் சவ்வை நாங்கள் இன்னும் இழுத்துத் தளர்த்தியிருக்கிறோம். அளவாக இழுத்த தசை பழைய நிலைக்குத் திரும்பும்; அளவு மீறி இழுபட்ட சவ்வு தளர்ந்தே போகலாம்.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். முதலில் பத்து நிமிடம் கை வீசி, மெதுவாக நீந்தி உடம்பைச் சூடாக்கு. நீந்தி முடித்தபின் ஒரு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டு வந்து, மறு கையால் முழங்கைக்கு மேலே பிடித்து மெல்ல இழு. அடுத்து, கதவு நிலையில் முன்கையை ஊன்றி ஓரடி முன்னே வை. இழுப்பு மார்புத் தசையில் தெரிய வேண்டும், மூட்டில் அல்ல. ஒவ்வொன்றும் 20 முதல் 30 விநாடி. வெட்டி வெட்டி இழுக்காதே. மூட்டுக்குள் வலித்தாலோ கை மரத்தாலோ உடனே நிறுத்து. முக்கியமாக, உன் கையை இன்னொருத்தன் இழுக்க விடாதே!

அந்த ஆண்டுப் போட்டியைக் கரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். கை குணமாகும் வரை என் டிராயிங் ஷீட்டையெல்லாம் ரூம்மேட்டே போட்டுக் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசாமல். மூன்றாம் ஆண்டில் 100 மீட்டரில் நாலாவதாக வந்தேன். மெடல் இல்லை. ஆனால் கரையேறும்போது தோள் வலிக்கவில்லை. "எப்படிடா இருக்கு?" என்று முதலில் ஓடி வந்து கேட்டவன் அவன்தான்.

நண்பர்களே, தேய்ந்த பேரிங்கை மாற்றலாம். தோளுக்கு ஸ்டோர் ரூமில் ஸ்பேர் கிடையாது!