கைராசி இல்ல உம்மா, வெயில்தான்

எங்கள் உம்மாவின் பழைய வளவில் செவ்வரத்தை, மல்லிகை, கொய்யா எல்லாம் கேட்பாரில்லாமலே வளர்ந்து நின்றன. காத்தான்குடியில் பல வீடுகளில் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்துக் கொடுத்து வளவு மூன்றாகியது. இப்போது உம்மாவுக்கு மிஞ்சியிருப்பது, வீட்டுக்கும் வடக்கு மதிலுக்கும் நடுவே மூன்றரை அடி ஓடை.

போன ஜனவரியில் அந்த ஓடையில் பன்னச் செடிகளைத் தொங்கவிட்டுக் கொடுத்தோம். மார்ச் வரை செழித்தன. மே மாதம் ஓரம் கருகத் தொடங்கி, ஜூனில் வெறும் சட்டிதான் தொங்கியது. "என்ட கைராசி போயிட்டு புள்ள. வளவக் குடுத்ததோட அதுவும் பெய்த்து" என்றார் உம்மா. அதைக் கேட்ட பிறகு எங்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

விஷயம் எங்கள் ஆறாந்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். சூரியன் ஏப்ரல் 10 அளவில் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு வடக்கே சாய்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. ஆகவே டிசம்பர், ஜனவரியில் வீட்டின் நிழல் முழுக்க அந்த ஓடையில் விழும். மே, ஜூனில் அதே ஓடையில் உச்சி வெயில் இறங்கும். போதாக்குறைக்கு வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று. தொங்கும் சட்டிக்கு நாலு பக்கமும் காற்றுப் படுவதால் காலையில் ஊற்றிய தண்ணீர் பகலுக்குள் காய்ந்துவிடும். இடம் ஒன்றுதான், வெயில்தான் வேறு. படிப்பிக்கும் எங்களுக்கே அது உறைக்கவில்லை.

உச்சி நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்கு வந்தால் அஸர் என்று சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். அதே கண்ணால் செடி வைக்கும் இடத்தையும் பார்க்கலாம். காலை, ளுஹர், அஸர் நேரங்களில் அங்கே கையை நீட்டுங்கள். நிழல் கறுப்பாக, விரல் விரலாகத் தெரிந்தால் நேர் வெயில். மங்கலாகத் தெரிந்தால் வெளிச்சம் மட்டும். தெரியவே இல்லையென்றால் இருட்டு. அங்கே எந்தச் செடியும் நெடுநாள் நிற்காது.

ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழும் இடத்துக்கு ரோசா, செவ்வரத்தை, கடதாசிப்பூ, பத்துமணிப்பூ. காலை வெயில் மட்டும் படும் கிழக்கு விறாந்தைக்கு அந்தூரியம், பன்னம். மங்கல் நிழலுக்கு மணிப்பிளாண்ட். கிப்லாப் பக்கச் சுவரில் பின்னேர வெயில் சுடும். மெல்லிய இலைச் செடிகளை அங்கே தொங்கவிட வேண்டாம்.

தொங்கும் சட்டியில் ஒரு வசதி, கழற்றி மாற்றலாம். இப்போது எங்கள் பன்னம் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை ஓடையில். ஏப்ரலில் விறாந்தைக்கு வரும். அந்த இடத்துக்குப் பத்துமணிப்பூ போகும். மழைக் காலத்தில் சட்டிக்குக் கீழுள்ள தட்டை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுங்கள், டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும்.

உம்மாவின் செவ்வரத்தைக்குப் பெரிய சட்டி ஒன்று வாங்கி, பகலெல்லாம் வெயில் விழும் கேற்றடியில் வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், பூத்துவிட்டது. போன கிழமை அதில் ஒரு கம்பை ஒடித்து ராத்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கைராசியைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

உங்கள் வீட்டில் எந்த மூலையில் எது நிற்கிறது? எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.