ஆகாயத்தில் ஒரு குடம் தண்ணீர்

என் தமக்கை எங்கள் வீட்டுக்கு வருவது வருஷத்தில் இரண்டே முறை. தீபாவளிக்கு முன் ஒரு தரம். மாம்பழக் காலத்தில் ஒரு தரம். இவ்விரண்டும் இல்லாத ஒரு நாளில், கையில் பையுமின்றிப் பழமுமின்றி அவள் வாசற்படி ஏறியபோதே ஏதோ விபரீதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, நீ ஒரு கடிதம் எழுத வேண்டும்" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே குமாரன் ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டப் பயின்று, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானத்தில் வேலை பார்க்கிறான். அடுத்த கோடையிலிருந்து காட்டுத் தீயின் மேல் தண்ணீர் கொட்டும் விமானத்தில் சேரப் போவதாக அவன் எழுதியிருந்தான். தாய் அழுது மறுத்ததற்கு அவன் அனுப்பிய பதில் என்னைச் சுட்டது: "முடியாது என்று சொல்லக் கூடாதென்று மாமாதானே எனக்குக் கற்றுக் கொடுத்தார்?"

உண்மைதான். அவன் என் வகுப்பில் படித்தவன். இருபது வருஷமாக நான் மாணாக்கர்களுக்குப் போதித்து வரும் முதற் பாடம் அது. "முடியாது என்று சொல்கிறவனுக்கு என் வகுப்பில் இடமில்லை" என்று எத்தனை பையன்களை பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்!

"போகாதே என்று ஒரு வார்த்தை எழுது, நீ சொன்னால் கேட்பான்" என்றாள் தமக்கை. எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால், தெரியாத விஷயத்தைப் பற்றி அதிகாரமாக எழுதுவது உபாத்தியாயருக்கு அழகல்ல. ஆகவே பத்து நாள் தவணை கேட்டு, படிக்க உட்கார்ந்தேன்.

இந்த வித்தை அப்படி ஒன்றும் பழமையானதல்ல. 1955-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கலிபோர்னியாவில், பயிர்களுக்கு மருந்து தெளித்து வந்த ஒரு சிறு விமானத்தில் 170 காலன் தண்ணீரை ஏற்றிக் காட்டுத் தீயின் மேல் கொட்டினார்கள். இன்றோ, ஏரியின் மேல் சறுக்கிக்கொண்டே 12 வினாடியில் ஏறக்குறைய 6,000 லிட்டர் தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு எழும் விமானங்கள் இருக்கின்றன. 15,000 லிட்டர் செந்நிறத் திரவத்தைச் சுமக்கும் ஜெட் விமானங்களும் இருக்கின்றன. அந்தத் திரவத்தைப் பெரும்பாலும் நெருப்பின் மேல் ஊற்றுவதில்லையாம். நெருப்பு வரும் வழியில் கோடு போல் இழுத்து வைக்கிறார்கள். தீயின் வேகம் அங்கே குறைகிறது. அதற்குள் தரையில் நிற்கும் மனிதர்கள் மண்வெட்டியும் குழாயுமாக வந்து அதை அணைக்க வேண்டும்.

இத்தொழிலில் நெருப்புத்தான் எமன் என்று நான் எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க வேறு எமன்கள் தென்பட்டார்கள். விமானிக்கு உயரம் என்பது கையிருப்புப் பணம் போன்றது. மேலே பறக்கும்போது யந்திரம் தடுமாறினாலும், அந்த உயரத்தைச் செலவழித்துச் சமாளிக்கலாம். தீயணைக்கும் விமானியோ வெறும் மடியுடன் வியாபாரத்துக்குப் போகிறவன். முழுப் பாரத்துடன், மூன்று தென்னைமர உயரத்துக்கு, அதுவும் மலைச் சரிவில், புகைக்கு நடுவே, வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குகிறான். அங்கே ஒரு மரக்கிளை போதும். 2023 ஜூலை 25-ந் தேதி கிரேக்க தேசத்து எவியா தீவில், தண்ணீரைக் கொட்டிய மறுகணம் ஒரு விமானத்தின் இறக்கை மரத்தில் பட்டது. இரு விமானிகளும் மாண்டனர்.

பழுத்த வயதும் ஓர் எமன். 2002-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு விமானங்கள் தீயின் மேல் பறக்கையில் இறக்கை முறிந்து விழுந்தன. ஒன்று 1950-களில் ராணுவத்துக்காகச் செய்தது. மற்றது இரண்டாவது உலக யுத்தக் காலத்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இறக்கையின் எலும்பை வருஷக்கணக்காக அரித்திருந்தன. ஐந்து பேர் போன பிறகு, 2004-ல், 33 பெரிய விமானங்களின் ஒப்பந்தத்தை அந்நாட்டு அரசாங்கம் ரத்து செய்தது.

என்னை உறங்கவிடாமல் செய்தவை வேறு இரண்டு விபத்துகள்.

2020 ஜனவரி 23-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் கூமா என்ற ஊருக்கு அருகில், காற்று கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. முன்னே சென்று வழிகாட்ட வேண்டிய சிறு விமானத்தின் விமானி அன்று பறக்க மறுத்துவிட்டார். ஒரு பெரிய விமானம் ஒரு முறை சென்று வந்து, மறுபடி போகும் நிலைமை இல்லை என்று அறிவித்தது. ஆயினும் மற்றொரு பெரிய விமானம் சென்றது. திரவத்தைக் கொட்டிவிட்டு மேலே ஏறுகையில் பின்காற்று அதன் வேகத்தைப் பறித்தது, விமானம் விழுந்தது. இறந்த மூவரும் அமெரிக்கர்கள். பிறர் தேசத்துக் காட்டைக் காக்க வந்தவர்கள். ஒரு விமானி மறுத்தால், அந்த மறுப்பை மற்ற விமானிகளுக்குத் தெரிவிக்கும் ஒழுங்கு தீயணைப்பு அதிகாரிகளிடம் இல்லை என்று பின்னர் விசாரணையில் வெளியாயிற்று.

மற்றது 2023 பிப்ரவரி 6-ந் தேதி, அதே தேசத்தின் மேற்குப் பகுதியில் நடந்தது. ஒரு ஜெட் விமானம் யந்திரங்களின் விசையைத் தணித்து மிகத் தாழ இறங்கித் திரவத்தைக் கொட்டியது. ஜெட் யந்திரம் தணிந்த நிலையிலிருந்து முழு விசைக்கு வரச் சில வினாடிகள் ஆகும். அந்த வினாடிகள் கிடைக்கவில்லை. விமானம் மேட்டில் மோதித் தரையில் சறுக்கி நின்று தீப்பற்றியது. விமானிகள் இருவரும் தங்கள் அறையின் ஜன்னல் வழியே வெளியேறி, சிறு காயங்களுடன் பிழைத்தார்கள்! இதற்குக் கீழே இறங்கலாகாது என்று ஒரு வரம்பை யாரும் விதித்திருக்கவில்லை. ஆகையால் பக்கத்தில் இருந்த துணை விமானி "தாழ்கிறோம்" என்று எச்சரிக்கவில்லை. அவர்கள் பிழைத்து வந்ததால் அந்தப் பிழை வெளிப்பட்டது, வரம்பும் விதிக்கப்பட்டது.

இதைப் படித்த இரவில், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல் என் ஞாபகத்துக்கு வந்தது. பையன்களை ஒரு மலையோடைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றேன். வழியில் வேறொரு கூட்டத்தார் எதிரே இறங்கி வந்தார்கள். மேலே வெள்ளம் பெருகுவதைக் கண்டு பயந்து திரும்பியவர்கள். கோழைகள் என்று நினைத்துவிடுவோம் என்ற வெட்கமோ என்னவோ, சிரித்து வணங்கிவிட்டுப் போனார்களே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே, ஒரு பையனுக்குக் கால் வழுக்கியது. ஒரு வேரும் என் இடது கையும் அவனைக் காப்பாற்றின. அதற்குச் சற்று முன்புதான், "போதும் ஸார், திரும்பலாம்" என்று அவன் முனகியிருந்தான். அவனைப் பார்த்து நான் என் முதற் பாடத்தை முழங்கியிருந்தேன்.

பதினொன்றாம் நாள் கடிதத்தை எழுதினேன். போகாதே என்று எழுத என் கை வரவில்லை. எரியும் காட்டோரத்துக் குடிசைகளிலும் தாய்மார்கள் இருக்கிறார்களே! ஆனால் இப்படி எழுதினேன்: "நான் உனக்குப் பாதிப் பாடந்தான் கற்பித்தேன். மீதியை இப்போது படித்துக்கொள். முடியாத இடத்தில் முடியாது என்று சொல். சொல்லிவிட்டுச் சும்மா இராதே, பின்னால் வருகிறவனுக்கும் அதைச் சொல். உன் பக்கத்தில் இருப்பவன் உன்னிடம் பயமின்றிச் சொல்லும்படி நடந்துகொள்."

தமக்கை அதை இரண்டு முறை படித்தாள். "போகாதே என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கோணல் எழுத்தில் எழுதினாள்:

"பாதி வழியில் திரும்பி வந்தாயானால் உன்னை ஒருவரும் கோழை என்று சொல்லமாட்டார்கள். எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்பு."

என் இருபது வருஷப் போதனையைவிட அது நல்ல பாடமென்றே எனக்குத் தோன்றுகிறது. இப்போது என் வகுப்பில் பெஞ்சின் மேல் யாரும் ஏறுவதில்லை.